‘பிரிட்டிஷ் காலத்து’ சோடாப் புட்டிகளும் ஆய்வுலகின் சோம்பலும்

இந்தியாவின் நுகர்வு வரலாறு, விளம்பர வரலாறு, பொருள்சார் பண்பாடு ஆகிய துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு படம் அடிக்கடி தென்படுகிறது. பச்சை நிறக் கண்ணாடி. கழுத்தில் இருபுறமும் நெரித்துவிட்டாற்போன்ற பள்ளம். உள்ளே ஒரு கோலிக்குண்டு. கீழே, ‘கோலி சோடாப் புட்டி, காலனியக் காலம், ஏறத்தாழ 1900’ என்றொரு குறிப்பு. அந்த 1900 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. விற்றவர் சொன்னார், வாங்கியவர் நம்பினார், ஆய்வாளர் அச்சிட்டார், நெறியாளர் கையொப்பமிட்டார். அடுத்து வரும் மாணவர் அந்த ஆய்வேட்டை மேற்கோள் காட்டுவார். கடைத்தெருவில் பிறந்த ஓர் ஆண்டு இவ்வாறு இரண்டே தலைமுறை ஆய்வேடுகளில் ‘நிறுவப்பட்ட உண்மை’ ஆகிவிடுகிறது.

கல்வெட்டொன்றின் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதில் ஐம்பது ஆண்டுகள் முன்பின்னாகப் போனால் கருத்தரங்குகளில் போர் மூளும். சுவடியொன்றைக் கையில் எடுப்பவர், நூல் இயற்றப்பட்ட காலம் வேறு, அந்த ஏடு படியெடுக்கப்பட்ட காலம் வேறு, அதை ஒருவர் வைத்துப் படித்த காலம் வேறு என்பதை முதலாண்டிலேயே கற்றுக்கொள்கிறார். இதே ஆய்வுலகம் சோடாப் புட்டியின் முன்போ எனாமல் விளம்பரப் பலகையின் முன்போ வந்து நிற்கும்போது, தன் கருவிகளையெல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைகிறது. பொருள் மலிவானது, அதனால் அதன் காலமும் மலிவானது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்த எண்ணம் தவறு. அதன் விளைவு தவறைவிட மோசமானது.

சுவடிக்குப் பொருந்தும் மூன்று காலங்களும் புட்டிக்கும் பொருந்தும். உருவமைப்பு தோன்றிய காலம் ஒன்று. குறிப்பிட்ட அந்தப் புட்டி வார்க்கப்பட்ட காலம் இன்னொன்று. அது நிரப்பப்பட்டு, குடிக்கப்பட்டு, மீண்டும் நிரப்பப்பட்டு, கடைசியில் குப்பைமேட்டுக்கோ பழம்பொருள் கடைக்கோ போய்ச் சேர்ந்த காலம் மற்றொன்று. மேற்சொன்ன படக்குறிப்பு முதலாவதை இரண்டாவதாகவும், இரண்டாவதை மூன்றாவதாகவும் கொண்டுவிடுகிறது.

முதலில் உருவமைப்பு. கழுத்துக்குள் கோலிக்குண்டை வைத்து, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தாலேயே அதை இரப்பர் வளையத்தின்மீது இறுக்கி மூடும் புட்டியை வடிவமைத்தவர் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர். அவருடைய காப்புரிமைகள் 1870ஐயும் அதையடுத்த ஆண்டுகளையும் சேர்ந்தவை. அக்காலப் பிரிட்டிஷ் காப்புரிமை 14 ஆண்டுகளே செல்லும். ஆகவே 1880களின் இடையிலிருந்து அந்த வடிவத்தை எந்த நாட்டில் எந்த ஆலையும் வார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை உருவாகத் தொடங்கியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற தகர ‘கிரௌன்’ மூடி, மேலைநாடுகளில் கோலிப் புட்டியை மெல்ல மெல்லச் சந்தையிலிருந்து அகற்றியது. இந்தியாவில் அது அகலவில்லை. டெல்லியில் ‘பண்ட்டா’ என்றும் தமிழ்நாட்டில் ‘கோலி சோடா’ என்றும் இன்றும் அது விற்கப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னியில் அண்மைக்காலம் வரை இந்தப் புட்டிகள் வார்க்கப்பட்டு வந்தன.

இதன் பொருள் எளியது. கோலிப் புட்டியின் வடிவத்தை மட்டும் கொண்டு சொல்லக்கூடியது, ‘1870க்கு முற்பட்டதன்று’ என்பதே. மறுமுனை நிகழ்காலம் வரை திறந்து கிடக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அகலமுள்ள இந்த வாயிலின் நடுவே நின்றுகொண்டு ‘ஏறத்தாழ 1900’ என்று எழுதுவது காலக்கணிப்பாகாது. அது ஒரு விருப்பத்தின் வெளிப்பாடு.

இனி உற்பத்தி. புட்டிகளின் காலம் கணிக்க விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கென எழுதப்பட்ட கையேடுகளையே நாடுகிறார்கள். அவற்றில் மிகவும் பரவிய சூத்திரம் அச்சின் இணைப்புக் கோடு பற்றியது. இரு பாதி அச்சுகள் சேரும் இடத்தில் புட்டியின் பக்கவாட்டில் விழும் கோடு உதடு வரை ஏறியிருந்தால் எந்திரத்தில் வார்த்தது, கழுத்திலேயே நின்றுவிட்டால் கையால் உதடு முடிக்கப்பட்டது, ஆகவே பழையது என்பது அதன் சாரம். மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கிப் புட்டி எந்திரம் 1903 அளவில் உருவாகி, பின் வந்த பதிற்றாண்டுகளில் கைவேலையை ஒழித்த அமெரிக்காவில் இந்தச் சூத்திரத்துக்கு ஓரளவு பயன் உண்டு. அங்கேயும் அது ஓரளவுக்குத்தான் செல்லும். கோட்டின் உயரத்தை ஆண்டுக்கணக்காக மாற்றும் வாய்பாடுகளை அமெரிக்க வரலாற்றுத் தொல்லியலாளர்களே நெடுங்காலமாக மறுத்து வருகிறார்கள்.

கோலிப் புட்டிக்கோ இந்தச் சூத்திரம் அடிப்படையிலேயே பொருந்தாது. கோலிக்குண்டு புட்டியின் வாயைவிடப் பெரியது. குண்டை உள்ளே இட்ட பிறகுதான் வாயைக் குறுக்கி உதட்டை முடிக்க முடியும். உதடு தனியாக முடிக்கப்படுவது இந்தப் புட்டியின் அமைப்பிலேயே உள்ள தேவை. எனவே உதட்டருகே இணைப்புக் கோடு அழிந்திருப்பதைக் காட்டி 1900க்கு முற்பட்டது என்று வாதிடுவது, ஓலையில் எழுதப்பட்டிருப்பதால் இது சங்ககாலத்துச் சுவடி என்று வாதிடுவதற்கு ஒப்பாகும். கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகளின் கதையும் இதுவே. குமிழி காட்டுவது உலையின் வெப்பத்தையும் உருக்கலின் தரத்தையும். ஆண்டை அது காட்டாது. சிறிய உலைகளில், உடைந்த கண்ணாடியைக் கலந்து உருக்கி வார்த்த புட்டியில், அது எந்தப் பதிற்றாண்டைச் சேர்ந்ததாயினும் குமிழி இருக்கும். வெயில் பட்டு ஊதாவாக மாறிய கண்ணாடி பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு. மாங்கனீசு கலந்த நிறமற்ற கண்ணாடி புற ஊதாக் கதிர்பட்டு ஊதா ஏறுவது உண்மை. கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் செயற்கையாக ஊதா ஏற்றுவதும் விற்பனை உலகில் நெடுநாளாக நடப்பது. விலை ஏறும் நிறம் எதுவோ, அதுவே ஆய்வாளர் முதலில் ஐயுற வேண்டிய நிறம்.

புட்டியில் ஆண்டே பொறிக்கப்பட்டிருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. அவர்களுக்குக் கோகா கோலாவின் வளைவுப் புட்டியை விடச் சிறந்த பாடம் இல்லை. இண்டியானா மாநிலத்தின் டெர்ரி ஹோட் நகரிலிருந்த ரூட் கண்ணாடி நிறுவனம் வடிவமைத்த அப்புட்டிக்கு 1915 நவம்பர் 16 அன்று காப்புரிமை கிடைத்தது. அடுத்த காப்புரிமையின் நாள் 1923 டிசம்பர் 25. அந்த நாளைப் புடைப்பெழுத்தில் தாங்கிய புட்டிகளைச் சேகரிப்பாளர்கள் ‘கிறிஸ்துமஸ் புட்டி’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். அவற்றில் ஒன்றைக் கையில் எடுப்பவர் 1923 என்று எழுதிவிடுவது இயல்பு. ஆனால் அப்புட்டிகள் 1920களின் பிற்பகுதி முதல் 1930களின் பிற்பகுதி வரை வார்க்கப்பட்டவை. பொறித்திருக்கும் நாள் வழக்குமன்றத்துக்காகப் பொறிக்கப்பட்டது, வரலாற்றாசிரியருக்காகப் பொறிக்கப்பட்டதன்று. அடியில் உள்ள ஊர்ப்பெயரும் அப்படியே. அது பானம் நிரப்பிய ஊரைக் குறிக்கும். கண்ணாடி வார்த்த ஊரை அது சொல்லாது. உற்பத்தியாளரின் ஆண்டுக் குறியீடுகூடத் தெளிவற்றதாக இருப்பதுண்டு. 1929இல் இரு நிறுவனங்கள் இணைந்து உருவான ஓவன்ஸ் இல்லினாய் நிறுவனத்தின் புட்டிகளில் ஆண்டைக் குறிக்கும் ஒற்றை இலக்கம் இருக்கும். அங்கே 1 என்பது 1931 ஆகவும் இருக்கலாம், 1941 ஆகவும் இருக்கலாம். ஆவணம் நிறைந்த நாட்டில், பெருநிறுவனத்தின் புட்டிக்கே இத்தனை எச்சரிக்கை தேவையென்றால், ஆவணமே எஞ்சாத சிறு சோடாக் கம்பெனியின் புட்டிக்கு எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

விளம்பரப் பொருள்களின் நிலை இன்னும் மோசம். ரவிவர்மாவின் ஓவியம் அச்சிட்ட ஒரு விளம்பரத் தாளைக் கண்டதும் ‘19ஆம் நூற்றாண்டின் இறுதி’ என்று குறிப்பெழுதும் வழக்கம் இருக்கிறது. ரவிவர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. ஓவியர் மறைந்தது 1906இல். பின்னர் மளவ்லிக்கு இடம் மாறிய அச்சகம் தீக்கிரையானது 1972இல். அந்தப் படங்களைப் பிற அச்சகங்களும் சோப்பு முதல் குழந்தை மருந்து வரை விற்ற வணிகர்களும் பதிற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இலட்சுமியின் படத்துக்கு ஒரு காலம். அந்தக் கற்பாளத்துக்கு ஒரு காலம். அந்தத் தாளுக்கு வேறொரு காலம். நாட்காட்டிகளிலாவது ஆண்டு அச்சாகியிருக்கும். அந்தப் பகுதியைக் கத்தரித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டு விற்கும்போது, கத்தரிக்கோல் வெட்டியெறிவது ஆய்வாளருக்கு மிகவும் தேவையான அங்குலத்தை.

மறுபதிப்புகளையும் போலிகளையும் இங்கே பிரித்தறிய வேண்டும். கோகா கோலா நிறுவனமே 1970களில் தன் பழைய தட்டுப் படங்களை மறுபடியும் தகரத்தில் அச்சிட்டு வெளியிட்டது. அந்த மறுபதிப்புகளுக்கே இன்று ஏறத்தாழ ஐம்பது வயது. அவற்றின் துருவும் கீறலும் உண்மையானவை. அவை சுட்டும் காலம் மட்டும் பொய். இதனினும் ஒரு படி மேலே போனவை, மூலமே இல்லாத ‘மறுபதிப்பு’கள். டிஃபனியின் பெயரையும் பழைய அமெரிக்க நிறுவனங்களின் விளம்பரங்களையும் தாங்கி 1960கள், 1970களில் சந்தைக்கு வந்த இடைவார்க் கொக்கிகளுக்கு 19ஆம் நூற்றாண்டு மூலம் என்று எதுவுமே இருந்ததில்லை. மறைந்துபோன மூலம் ஒன்றைத் தேடி அலையும் முன், அப்படியொன்று எப்போதேனும் இருந்ததா என்று கேட்பதே முறை.

இவ்வளவும் சொன்னால், ‘அப்படியானால் இவற்றின் காலத்தைக் கணிக்கவே முடியாதா?’ என்ற கேள்வி எழும். முடியும். அதற்கான சான்றுகள் இந்தியப் பொருள்களின்மீதே அச்சாகிக் கிடக்கின்றன, படிக்கத்தான் ஆளில்லை. விலை அணாவில் இருக்கிறதா, காசில் இருக்கிறதா? தசம நாணயம் 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது. ‘நயா பைசா’ என்றிருந்தால், அப்பெயர் 1964 ஜூனில் கைவிடப்பட்டது என்பதால், ஏழே ஆண்டு அகலமுள்ள ஒரு சாளரம் கிடைக்கிறது. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் இருந்தால் அப்பலகை 1972 ஆகஸ்ட் 15க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது 1973 நவம்பரில். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். கோகா கோலா இந்தியச் சந்தையில் முறையாக நுழைந்தது 1950இல், வெளியேறியது 1977இல், மீண்டது 1993இல். தேவநாகரி எழுத்தில் கோகா கோலா என்று பொறித்த எனாமல் பலகையைப் ‘பிரிட்டிஷ் காலத்தது’ என்று விற்பவர் தேதி மட்டும் தவறவில்லை, ஓர் அரசையே மாற்றிவிடுகிறார்.

இந்தச் சான்றுகளையும் அளவறிந்து பயன்படுத்த வேண்டும். இவை பெரும்பாலும் கீழெல்லையைத் தருவன, மேலெல்லையைத் தருவதில்லை. குறியீட்டெண் இல்லாத பலகை 1972க்கு முற்பட்டது என்பது முடிவாகாது. இன்றைக்கும் குறியீட்டெண் எழுதாத வணிகர் உண்டு. பம்பாய் என்ற பெயர் 1995க்குப் பின்னும் நிறுவனப் பெயர்களில் வாழ்கிறது. எல்லாவற்றிலும் நல்ல எச்சரிக்கை, வட இந்தியப் பொருள்களில் காணப்படும் ‘யு.பி.’ என்ற இரண்டெழுத்து. ஐக்கிய மாகாணங்களும் யு.பி.; 1950 ஜனவரியில் பெயர் மாறி வந்த உத்தரப் பிரதேசமும் யு.பி. ஆட்சி மாறியும் சுருக்கம் மாறவில்லை. அந்த இரண்டெழுத்தைக் கண்டு ‘ஐக்கிய மாகாணங்கள், காலனியக் காலம்’ என்று எழுதுபவர் பாதி நேரம் சரியாக இருக்கக்கூடும். பாதி நேரம் சரியாக இருப்பதற்கு ஆய்வுப் பட்டம் தேவையில்லை. ஒரு நாணயத்தைச் சுண்டினாலே போதும்.

இந்தக் கண்டிப்புக்கு எதிராக ஒரு நாகரிகமான மறுப்பு எழுவதுண்டு. ஆய்வின் நோக்கம் அந்தக் குறிப்பிட்ட புட்டியன்று, அது குறிக்கும் பண்பாடே. படம் வெறும் எடுத்துக்காட்டு. பத்து இருபது ஆண்டுகள் பிசகினால் என்ன குடிமுழுகிவிடும்? இந்த மறுப்பை மதித்தே விடை சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டு என்பது வாதத்துக்கு வெளியே தொங்கும் அலங்காரமாக இருந்தால் அதை அச்சிட வேண்டியதில்லை. வாதத்துக்குச் சான்றாக இருந்தால், சான்றுக்குரிய விசாரணைக்கு அது உட்பட்டே ஆக வேண்டும். பிசகுவதும் பத்து இருபது ஆண்டுகள் அல்ல. 1900 என்று குறிக்கப்பட்ட புட்டி 1960இலோ 1990இலோ வார்க்கப்பட்டதாக இருப்பின், ‘காலனிய நுகர்வு’ என்று அதன்மீது கட்டப்பட்ட அத்தியாயம் முழுவதும் வேறொரு நாட்டின் வேறொரு காலத்தைப் பற்றியது ஆகிவிடுகிறது.

இங்கேதான் உண்மையான இழப்பு தொடங்குகிறது. ‘பிரிட்டிஷ் காலத்து’ என்ற அடைமொழி ஒரு புட்டியின் வயதைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. அதை வார்த்த கைகளை மாற்றிவிடுகிறது. யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லி நகர ஆலைகள் கோலிப் புட்டிக்குப் பெயர்பெற்றவை. அங்கிருந்து வந்த புட்டிகள் இந்தியாவில் உண்டு. ஆனால் இந்தியக் கண்ணாடித் தொழிலுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. மக்களிடம் பைசா பைசாவாகத் திரட்டிய நிதியைக் கொண்டு மகாராட்டிரத்தின் தளேகாவில் 1908இல் ஒரு கண்ணாடி ஆலை எழுந்தது. 1930களில் இத்தொழில் இறக்குமதிக்கு எதிராகப் பாதுகாப்புக் கேட்டது. சுங்கவரி வாரியம் விசாரித்துப் பரிந்துரைத்தது. மூலப்பொருளான சோடாச் சாம்பல் இந்நாட்டில் போதிய அளவு கிடைப்பதில்லை என்று காரணம் காட்டிக் காலனிய அரசு மறுத்தது. அந்த மறுப்பையும் தாண்டி பிரோசாபாத்திலும் சாஸ்னியிலும் பிற ஊர்களிலும் உலைகள் எரிந்தன. அந்த உலைகளின் வெக்கையில் நின்று உதடு முடித்த தொழிலாளியின் வேலைப்பாட்டை எடுத்து, ‘ஏறத்தாழ 1900’ என்ற ஒரு சொற்றொடரால் பார்ன்ஸ்லியின் கணக்கில் வரவு வைப்பது எவ்வகை வரலாறு? காலனியத்தை விமரிசிக்கும் ஆய்வேடுகளே தம் படப்பக்கங்களில் காலனியத்துக்கு இந்தக் கொடையை வழங்கிக்கொண்டிருப்பது வேடிக்கையன்று, வெட்கக்கேடு.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, வரையறைக்குட்பட்ட ஒரு பொருள் நூறாண்டுக்குக் குறையாத பழமை உடையதாயின் தொல்பொருள். சுவடி போன்றவற்றுக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய இயலாது. ஆகவே ஒரு கைவினைப் பொருளின்மீது 1900 என்று எழுதுவது சட்டத்தின் எல்லைக்கோட்டைத் தொடும் கூற்று. ஆய்வுலகம் தன் குறிப்புகளில் அலட்சியமாக இருக்கும் வரை, ஒரே பொருளை உள்ளூர் வாடிக்கையாளரிடம் நூற்றிருபது ஆண்டுப் பழமை என்றும் சுங்கச் சாவடியில் புதிய அலங்காரப் பொருள் என்றும் சொல்லிப் பிழைக்க வழி திறந்தே இருக்கும். உண்மையான பழம்பொருள் வெளியேறும். போலி அருங்காட்சியகத்துக்குள் நுழையும்.

செய்ய வேண்டியது அரிய காரியம் ஒன்றுமன்று. ஒவ்வொரு படக்குறிப்பிலும் ஒற்றை ஆண்டுக்குப் பதிலாக இரண்டு எல்லைகள் தரப்பட வேண்டும்: இதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது, இதற்குப் பிற்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டில் ஒன்றுக்குச் சான்று இல்லையெனில் அந்த இடம் வெற்றாகவே விடப்பட வேண்டும். ஒவ்வோர் எல்லைக்கும் காரணம் ஒரு வரியிலேனும் வர வேண்டும். பொருள் எங்கே, யாரிடமிருந்து, எந்த ஆண்டில் பெறப்பட்டது என்பதும், விற்றவர் சொன்ன காலம் ‘விற்றவர் கூற்று’ என்றே குறிக்கப்பட்டும் இடம்பெற வேண்டும். புட்டியின் முகப்பை மட்டும் படமெடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். அடிப்பகுதியும் உதடும் இணைப்புக் கோடும் புடைப்பெழுத்தும் தனித்தனியே பதிவாக வேண்டும். நெறியாளர்களும் தேர்வாளர்களும் மேற்கோளின் பக்க எண்ணைக் கேட்கும் அதே கண்டிப்போடு படத்தின் காலத்துக்கும் காரணம் கேட்க வேண்டும். இந்திய ஆலைகளின் அச்சுகள், முத்திரைகள், செயற்பட்ட ஆண்டுகள் ஆகியவற்றைத் தொகுத்தளிப்பது ஒரு முனைவர் பட்டத்துக்குரிய தகுதியான பணி. பழைய தொழிலாளர்கள் உயிருடன் இருக்கும்போதே அது தொடங்கப்பட வேண்டும். புட்டி காத்திருக்கும், அதை வார்த்தவர் காத்திருக்கமாட்டார்.

‘காலம் தெரியவில்லை’ என்று எழுதுவதில் எந்த ஆய்வாளருக்கும் இழுக்கில்லை. தெரியாததை 1900 என்று எழுதுவதில்தான் இழுக்கு. விலை கூட்டுவதற்காக வயது கூட்டும் வணிகருக்கு அதில் ஆதாயமேனும் உண்டு. கூலியின்றி அவருக்கு அதே வேலையைச் செய்துகொடுக்கும் ஆய்வாளருக்கு என்ன கிடைக்கிறது?